கல்லூரி முதல் ஆண்டில் தெளிவாக எழுதப் பழகுவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் முதல் பருவத்தில் நான் வாங்கும் முதல் கட்டுரைக் கட்டில் பாதித் தாள்கள் ஒரே மாதிரி தொடங்கும். சேலம் பற்றி எழுதச் சொன்னால் "மாங்கனி நகரம் என்று அழைக்கப்படும் சேலம்". ஏற்காடு பற்றி என்றால் "ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படும் ஏற்காடு". ஒரு முறை அப்படி எழுதியவர்களில் ஒரு மாணவர் அந்த மலையிலேயே பிறந்தவர். தினமும் காலையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வகுப்புக்கு வருகிறவர். அவரைக் கூப்பிட்டு, "உங்க ஊரை நீ ஏழைகளின் ஊட்டின்னா சொல்லுவே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லைங்கம்மா. மலைன்னுதான் சொல்லுவோம். மலைக்குப் போறேன், மலையிலிருந்து வர்றேன், அவ்வளவுதாங்க" என்றார்.

முதலாண்டு மாணவர்களிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. பேசவிட்டால் கொட்டுகிறார்கள். தாளைக் கையில் எடுத்ததும் யாரோ ஒருவரின் குரலில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் குரலை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்ததைத் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்வதுதான் இந்த ஆண்டில் நீங்கள் பழக வேண்டியது. வாழப்பாடியிலிருந்து வந்தாலும் ஓமலூரிலிருந்து வந்தாலும், பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் எழுதப் போகிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

பள்ளியிலிருந்து எதைக் கொண்டுவரலாம், எதை விட்டுவிடலாம்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதியிருப்பீர்கள். துணைத்தலைப்புக்கு அடிக்கோடு, மேற்கோள் பாட்டுக்கு வேறு நிற மை. பொதுத்தேர்வுத் தாளை விரைவாகத் திருத்துகிறவருக்கு அது உதவியது. அதில் கிடைத்த ஒழுங்கைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் அந்த முன்னுரையை மட்டும் விட்டுவிடுங்கள். "மனித வாழ்வில் இன்றியமையாதது" என்று தொடங்கும் வரியைத் தண்ணீருக்கும் போடலாம், கல்விக்கும் போடலாம், மரம் வளர்ப்புக்கும் போடலாம். அதனாலேயே அது எதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்து, கேள்வியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். "ஏற்காட்டின் காப்பிச் சாகுபடியை விவரி" என்றால் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று கண்முன் கொண்டுவர வேண்டும்: நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்கும் கைகள். "ஏற்காட்டில் காப்பி விளைவது ஏன் என்று விளக்குக" என்றால் காரணம் வேண்டும்: ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கீழே சேலம் 300 மீட்டரை ஒட்டி இருக்கிறது, அந்த உயர வேறுபாடு தரும் குளிர்ச்சி. "ஒப்பிடுக" என்றால் இரண்டு பொருளையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். "ஆராய்க" என்றால் கேள்வி ஒன்றை எழுப்பி, இரு பக்கத்தையும் எடைபோட்டு, உங்கள் முடிவைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். காரணம் கேட்ட இடத்தில் வருணனை எழுதியதால் மதிப்பெண் இழந்த தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல, மொழி அளவில் நல்ல தாள்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு வரி

ரஃப் தாளின் மேலே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: என் கட்டுரையைப் படித்து முடித்தவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? தலைப்பை அங்கே திரும்ப எழுதாதீர்கள். "சேலத்தின் தொழில்கள்" என்பது தலைப்பு. அதை வைத்து இரண்டு பக்கம் எழுதினால் இரும்பாலைக்கு இரண்டு வரி, வெள்ளிக் கொலுசுக்கு இரண்டு வரி, வெண்பட்டுக்கு இரண்டு வரி, மாக்னசைட் சுரங்கத்துக்கு ஒரு வரி என்று பட்டியல்தான் வரும். "எங்கள் ஊர் ஜவ்வரிசி ஆலை வெயிலை நம்பித்தான் ஓடுகிறது" என்பது கருத்து. இதைச் சொன்னதும் கேட்கிறவர் "எப்படி?" என்பார். அந்த "எப்படி"க்குப் பதில் சொல்லத் தொடங்கினால் கட்டுரை தானாக நடக்கும்.

இந்த வரியை எனக்குக் கொடுத்தது ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி. அவருடைய அப்பா ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறவர். முதலில் அவரும் எல்லாத் தொழிலையும் தொட்டு இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தார். "இதில் உனக்குப் பக்கத்தில் இருந்து தெரிந்தது எது?" என்று கேட்டபோதுதான் ஆலையைச் சொன்னார். மேகம் கறுத்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் களத்துக்கு ஓடுவார் என்றார். அந்த ஒரு காட்சி அவர் எழுதிய இரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

முதலில் வாயால் சொல்லுங்கள்

எழுதும் முன் பேசிப் பார்ப்பதுதான் நான் அறிந்தவற்றில் அதிகம் பலன் தந்த வழி. பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விஷயத்தை மூன்று நிமிடம் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். அந்த விஷயம் தெரியாதவரிடம் சொல்வது நல்லது. அந்த மாணவி ஆலைக் கதையைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தது மலையிலிருந்து வரும் அந்த மாணவர்தான். நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தினார். "திப்பின்னா என்ன?" "மாவு எப்படி உருண்டையா வருது?" "மழை வந்தா மொத்தமும் வீணாயிடுமா?" அந்த மூன்று கேள்வியையும் அவர் கேட்ட வரிசையிலேயே குறித்துக்கொள்ளச் சொன்னேன். கட்டுரையின் மூன்று பத்திகள் அங்கேயே அமைந்துவிட்டன.

அப்புறம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் பிறகு திருத்த இடம் இருக்கும். சொல் கிடைக்காவிட்டால் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். முதல் வாக்கியம் வரவில்லை என்றால் இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்குங்கள். முதல் பத்தியைக் கடைசியில் எழுதுவது தவறே இல்லை. இந்த முதல் படியை யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் அழகாக இருக்க வேண்டியதும் இல்லை. எழுதி முடித்ததும் குறைந்தது ஓர் இரவு அதைத் தொடாமல் வையுங்கள். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு தொடங்குகிறவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது. மூன்று நாளாவது முன்னதாகத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

வாக்கியத்தைப் பிரித்துக் கட்டுவது

திருத்தும் வேலையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. அந்த மாணவியின் முதல் படியில் இருந்தது போன்ற ஒரு வாக்கியம் இது:

"விவசாயிகளிடமிருந்து கொள்முதல் செய்யப்பட்டு லாரிகளில் கொண்டுவரப்படும் மரவள்ளிக்கிழங்குகள் தோல் உரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, அரைக்கப்பட்டு, பால் எடுக்கப்பட்டு, தொட்டிகளில் தேக்கி வைக்கப்பட்டு, மாவாக்கப்பட்டு, உருட்டப்பட்டு, வறுக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு சந்தைப்படுத்தப்படுகிறது."

சொல்லப்பட்ட செய்தி ஒவ்வொன்றும் சரி. ஆனால் வாக்கியத்தின் எழுவாயைத் தேடிப் பாருங்கள்: "கிழங்குகள்". பயனிலை: "சந்தைப்படுத்தப்படுகிறது". எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை. இன்னொரு சிக்கலும் உண்டு. இடையில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டால் "கிழங்குகள் சந்தைப்படுத்தப்படுகிறது" என்று நிற்கும். சந்தைக்குப் போவது கிழங்கா? ஜவ்வரிசி என்ற சொல்லே வாக்கியத்தில் இல்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தால், எழுதுகிறவருக்கே தொடங்கிய இடம் மறந்துவிடும்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. படிக்கிறவர் அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் தூக்கிக்கொண்டே வர வேண்டும். செய்து, செய்து என்று எச்சங்களை அடுக்க நம் மொழி இடம் கொடுக்கிறது. பேச்சில் அது அழகு, ஏனென்றால் நடுவில் மூச்சுவிடுகிறோம், கையை ஆட்டுகிறோம். எழுத்தில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூன்று எச்சம் போதும் என்பது என் கணக்கு. அதைத் தாண்டினால் முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள்.

அவரே திருத்தி எழுதிய படி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"பிடுங்கிய கிழங்கை அதிக நாள் வைத்திருக்க முடியாது, கெட்டுவிடும். அதனால் லாரி வந்ததும் ஆலையில் வேலை தொடங்கிவிடும். கிழங்கின் தோலை உரித்து, கழுவி, அரைக்கிறார்கள். அரைத்ததை வடிகட்டினால் பால் தனியாகவும் திப்பி என்கிற சக்கை தனியாகவும் பிரியும். திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகும். பாலைத் தொட்டியில் தேக்கி வைத்தால் மாவு அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, ஈர மாவை உடைத்துக் குலுக்கிக் குலுக்கி மணியாக்குகிறார்கள். அதைச் சலித்து, வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். வெயில் இல்லாத நாளில் வேலை இங்கேயே நின்றுவிடும்."

முன்பு ஒரு வாக்கியம் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது இருக்கின்றன. நீளம் கூடித்தான் இருக்கிறது. படிக்க எளிதாகவும் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு வாக்கியமும் முந்தினது விட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறது: அரைக்கிறார்கள், அரைத்ததை வடிகட்டினால், திப்பி பிரியும், திப்பி தீவனத்துக்குப் போகும். உங்கள் பத்தியில் இந்தக் கண்ணிகள் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். அறுந்த இடத்தில் ஒரு சொல்லைத் திரும்பச் சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

"செய்யப்பட்டது" என்ற வடிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "தோல் உரிக்கப்படுகிறது" என்றால் உரிக்கிறவர் காணாமல் போகிறார். வெயிலில் நின்று உரிக்கும் பெண்களைக் கட்டுரையிலிருந்து அழித்துவிட்டு ஆலையைப் பற்றி எழுத முடியாது. செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் அந்த வடிவத்தைத் தயங்காமல் வையுங்கள்: "மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது." அங்கே அது சரி.

பெயரெச்சம் இன்னோர் ஆபத்து. "ஏற்காட்டிலிருந்து வந்த தோழியின் அண்ணன்" என்று எழுதினால் வந்தது தோழியா, அண்ணனா? எழுதியவருக்குத் தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது. "தோழியின் அண்ணன் ஏற்காட்டிலிருந்து வந்தார்" என்று திருப்பிப் போடுங்கள்.

"மற்றும்" என்ற சொல்லை எங்கே போட்டிருந்தாலும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். "பட்டு மற்றும் வெள்ளி" என்பதைவிடப் "பட்டும் வெள்ளியும்" நம் காதுக்கு இயல்பு. "பணியினை மேற்கொண்டனர்" என்றால் "வேலை செய்தார்கள்". "தோட்டங்கள் காணப்படுகின்றன" என்றால் "தோட்டங்கள் இருக்கின்றன". எழுத்து கனமாக இருந்தால்தான் கல்லூரித் தரம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது உண்மை இல்லை.

புகழ்ச் சொல்லை எடுத்து, செய்தியை வையுங்கள்

"உலகப் புகழ்பெற்ற சேலம் ஜவ்வரிசி" என்று எழுதுவது சுலபம். "சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது" என்று எழுத ஒரு நிமிடம் தேட வேண்டும். இரண்டாவது வாக்கியத்தைப் படிக்கிறவர் நம்புவார். "தமிழ்த் திரையுலகுக்குச் சேலம் அளப்பரிய பங்காற்றியது" என்பதும் அப்படித்தான். டி. ஆர். சுந்தரம் 1935-ல் இங்கே மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார், ஏற்காடு போகும் சாலையில் அதன் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது என்று எழுதுங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் தினமும் அந்த வளைவைக் கடந்துதான் வருகிறீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு நாள் நின்று பாருங்கள். பார்த்ததை ஐந்து வாக்கியத்தில், "அழகான", "சிறந்த", "மிகவும்" என்ற மூன்று சொல்லும் இல்லாமல் எழுதுங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

வேறொருவரின் எழுத்திலிருந்து எடுத்தால் யார், எங்கே சொன்னது என்று எழுதிவிடுங்கள். இணையத்திலிருந்தோ செல்போன் செயலியிலிருந்தோ முழுப் பத்தியை எடுத்து ஒட்டுவது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் நட்டம். மேகம் கறுத்ததும் தட்டை வைத்துவிட்டு ஓடிய அப்பா எந்தச் செயலிக்கும் தெரியாது.

பவணந்தியாரின் பட்டியலோடு ஒரு திருத்தம்

நன்னூல் என்ற இலக்கண நூலைப் பாடமாகப் படிக்கும்போது, பாயிரம் என்கிற அதன் முன்னுரைப் பகுதியில் பத்துக் குற்றம் வரும். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். பவணந்தி முனிவர் நூல் எழுதுகிறவர்களுக்காகச் சொன்னதை நான் கட்டுரை திருத்தும் பட்டியலாகவே வைத்திருக்கிறேன். பத்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். முதலாண்டுத் தாள்களில் அடிக்கடி வருவது நான்கு.

கூறியது கூறல்: முன்னுரையில் சொன்னதையே முடிவுரையில் வேறு சொல்லால் சொல்வது. இரண்டில் ஒன்றை அடித்துவிடுங்கள், ஒன்றும் குறையாது. மற்றொன்று விரித்தல்: ஜவ்வரிசி பற்றித் தொடங்கி, மரவள்ளி நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்று ஒரு பக்கம் போவது. உங்கள் ஒரு வரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் இது உடனே தெரியும். மயங்க வைத்தல்: தோழியும் அண்ணனும் குழம்பிய மேலே சொன்ன வாக்கியம். சென்று தேய்ந்து இறுதல்: விறுவிறுப்பாகத் தொடங்கிக் கடைசியில் மெலிந்துபோவது. நேரம் போதாமல் எழுதிய தாள்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். தேர்வு அறையில் ஐந்து நிமிடம் செலவழித்துக் குறிப்பு எழுதிக்கொண்டால் இது குறையும்.

குற்றத்தைக் கண்டுபிடிக்கக் காதைப் பயன்படுத்துங்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுரையை உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். திரும்பப் படிக்க நேர்ந்த இடத்தில் குழப்பம் இருக்கிறது. சலிப்புத் தட்டும் இடத்தில் செய்தி இல்லை. மூன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, படித்து முடித்த பிறகு திருத்துங்கள்.

எழுத்தும் சந்தியும்

இதைக் கடைசியாகப் பாருங்கள். அடிக்கப் போகிற பத்தியில் ஒற்றுப்பிழை திருத்துவது வீண்வேலை. ல, ள, ழ மூன்றிலும் ர, ற இரண்டிலும் நீங்கள் வழக்கமாகத் தவறும் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். களம் என்றால் காயவைக்கும் இடம், கலம் என்றால் பாத்திரம். ஜவ்வரிசியைக் "கலத்தில்" காயவைத்தால் பொருளே மாறிவிடும். சந்தியில் எல்லா விதியும் இப்போது வேண்டாம். ஐ, கு என்ற உருபு வெளிப்படையாக வந்தால் அடுத்த க, ச, த, ப இரட்டிக்கும்: கிழங்கைக் கழுவி, ஆலைக்குப் போனார். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் இரட்டிக்கும்: அந்தப் பெண், இந்தக் களம். இந்த அளவு பழகினாலே பிழைகள் வெகுவாகக் குறையும்.

ஆங்கிலத் தாளுக்கு

தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறீர்கள். மேலே சொன்ன ஒரு வரி, பேசிப் பார்த்தல், உரக்கப் படித்தல் எல்லாம் அங்கேயும் அப்படியே வேலை செய்யும். யோசனையைத் தமிழில் செய்யுங்கள், அதில் குறையே இல்லை. ஆனால் தமிழில் முழு வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். ஆங்கிலத்தில் வினை எழுவாயை ஒட்டி முன்னாலேயே வந்துவிடும், நமக்குக் கடைசியில் வரும். அதனால் மாற்றிய வாக்கியம் முறுக்கிக்கொள்ளும். குறிப்பு மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு, யார், என்ன செய்தார் என்ற வரிசையில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதுங்கள். சின்ன வாக்கியத்துக்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

தாள் திரும்பி வந்த பிறகு

மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். சிவப்பு மையில் எழுதியதை நிதானமாகப் படியுங்கள். புரியாவிட்டால் ஆசிரியரிடம் போய், "இந்த இடத்தில் என்ன குறைங்கம்மா?" என்று கேளுங்கள். "இன்னும் நல்லா எழுதணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும், வரியைக் காட்டிக் கேட்டால் அந்த வரிக்குப் பதில் கிடைக்கும். பிறகு குறிப்பு எழுதிய ஒரே ஒரு பத்தியை மட்டும் வேறு தாளில் மறுபடி எழுதுங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லாவிட்டாலும் எழுதுங்கள். ஆத்தூர் மாணவி அந்தக் களத்துப் பத்தியை நான்கு முறை எழுதினார். நான்காவது படியில்தான், மேகம் கறுத்ததும் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள் என்ற வரி வந்தது.

பழைய பத்தியையும் புதியதையும் சேர்த்துக் குத்தி ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்த கட்டுரைக்கு உட்காரும்போது அந்தக் கோப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ரஃப் தாளின் மேலே அந்த ஒரு வரியை எழுதத் தொடங்குங்கள்.